பழைய பைக் ஃப்ரேமில் விரிசலா? வெல்டரிடம் போகும் முன்னும் வந்த பின்னும் செய்ய வேண்டியவை

பழைய பைக்கின் ஃப்ரேமில் விரிசலைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் வண்டியை நேராக ஒரு வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடியும், காசும் பெரிதாக ஆகாது. கொஞ்ச நாள் கழித்து அதே இடத்தில், இல்லாவிட்டால் இரண்டு விரல் தள்ளி, மறுபடியும் விரிசல் வரும். நான் வாங்கிய வண்டியில் முன்பு யாரோ இப்படி அவசரமாகப் போட்டிருந்த வெல்டிங்கைத் தோண்டி எடுப்பதுதான் மொத்த வேலையிலேயே பெரிய பாடாக இருந்தது. அசல் விரிசல் அதற்கு அடியில் அப்படியே இருந்தது.

இந்த வேலையில் வெல்டிங் மிகச் சிறிய பகுதி. ஃப்ரேம் என்ன உலோகம், அதை எப்படி இணைத்திருக்கிறார்கள், ஏன் விரிந்தது, இந்த மூன்றும் தெரிவதற்கு முன் யாரும் அதன் மேல் நெருப்பு வைக்கக் கூடாது. வெல்டிங்கை நீங்களே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அனுபவம் இல்லை என்றால் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். யாரிடம் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது, திரும்பி வந்ததும் எதைப் பார்ப்பது என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. வண்டியை நிறுத்துங்கள், படம் எடுங்கள்

உலோகச் சோர்வால் வரும் விரிசல் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வளரும். மிச்சமிருக்கும் இரும்பு குறையக் குறைய வேகம் பிடிக்கும். கடைசிப் பகுதி ஒரே குலுக்கலில் போய்விடும். ஹேண்டில்பார் சுழலும் தலைக்குழாய், அதிலிருந்து இறங்கும் முன்குழாய், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்ம் பொருந்தும் இடம், இவற்றில் எங்கே விரிசல் இருந்தாலும் பட்டறை வரைக்கும்கூட ஓட்டிப் போகாதீர்கள். ஏற்றிக்கொண்டு போங்கள்.

பெயிண்டைச் சுரண்டுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒரு படம், தள்ளி நின்று முழு ஃப்ரேமும் தெரிய ஒரு படம். விரிசலின் இரு முனைகளையும் மார்க்கரால் குறித்து, தேதியும் எழுதி இன்னொன்று. பின்னால் காப்பீடு, பதிவு, விற்பனை என்று எது வந்தாலும் இந்தப் படங்களைக் கேட்பார்கள்.

2. விரிசல்தானா என்று உறுதி செய்யுங்கள்

பெயிண்டில் கோடு தெரிந்தால் அடியில் இரும்பும் விரிந்திருக்க வேண்டும் என்றில்லை. தடித்த பழைய பெயிண்ட் தானாகவும் வெடிக்கும், அடியில் யாராவது பட்டி வைத்திருந்தால் அதுவும் வெடிக்கும். ஆனால் அந்தக் கோட்டிலிருந்து காவி நிறக் கசிவு வழிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே இரும்பும் இரும்பும் உரசித் துருவாகி வெளியே வருகிறது என்று அர்த்தம்.

பெயிண்டை எடுக்க ரசாயன பெயிண்ட் ரிமூவரைப் பயன்படுத்துங்கள். மணல் பீய்ச்சும் பிளாஸ்டிங்குக்கு இந்தக் கட்டத்தில் போகாதீர்கள். வேகமாக வந்து மோதும் துகள்கள் விரிசலின் வாயைத் தட்டி மூடிவிடும். அப்புறம் சோதனையில் ஒன்றுமே தெரியாது, ஃப்ரேம் பளபளவென்று நல்லதாகத் தெரியும். கிரைண்டரும் அப்படித்தான், இரும்பை இழுத்துப் பூசிவிடும்.

சுத்தமான இரும்பு தெரிந்ததும் டை பெனட்ரன்ட் சோதனை செய்யுங்கள். கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று ஸ்ப்ரே டப்பாக்களாக வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடையுங்கள். சாயத்தை அடித்து 10 முதல் 20 நிமிடம் ஊற விடுங்கள். மேலே நிற்கும் சாயத்தை உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு கிளீனரில் நனைத்த துணியால் துடையுங்கள். கிளீனரை நேராக ஃப்ரேமின் மேல் அடிக்காதீர்கள், விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். இதில் பலரும் தவறுகிறார்கள். கடைசியாக டெவலப்பரை மெல்லிய படலமாக அடித்துவிட்டுக் காத்திருங்கள்.

சுண்ணாம்பு பூசியது போன்ற அந்த வெண்மையில் முதலில் ஒன்றும் இருக்காது. ஓரிரு நிமிடத்தில் மயிரிழை போல ஒரு இளஞ்சிவப்புக் கோடு எழும். பத்து நிமிடத்தில் அது தடித்து, ஓரம் கசிந்து, அடர் சிவப்பாகும். கண்ணுக்குத் தெரிந்த விரிசலைவிட அது கூடுதல் நீளமாக இருப்பது சகஜம். உண்மையான முனை அதுதான், வெல்டரிடம் அதைக் காட்டுங்கள்.

ஒரு விரிசல் கிடைத்ததோடு நிறுத்தாதீர்கள். இடது பக்கம் விரிந்திருந்தால் வலது பக்கமும் அதே பாரத்தைத்தான் இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது. எஞ்சின் பிடிக்கும் காதுகள், சைடு ஸ்டாண்ட் வெல்டிங், பின் ஷாக்கின் மேல்பிடி, பக்கவண்டி பூட்டியிருந்தால் அதன் பிடிகள், எல்லாவற்றிலும் அடித்துப் பாருங்கள். ஒரே செட் டப்பா முழு ஃப்ரேமுக்கும் போதும்.

3. ஃப்ரேம் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். கெட்டுப்போன ஃப்ரேம்களில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன.

முதல் வகை, லக் வைத்துப் பிரேசிங் செய்தது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் நிறைய இப்படித்தான். குழாய்கள் சந்திக்கும் இடத்தில் வார்ப்பில் செய்த தடித்த கழுத்துப்பட்டை போன்ற துண்டு இருக்கும், அதுதான் லக். குழாயை அதற்குள் செருகி, இரும்பை உருக்காமல் இடைவெளியில் பித்தளையை மட்டும் உருக்கி ஓட விட்டிருப்பார்கள், இதுதான் பிரேசிங். லக்கின் விளிம்பில் அரத்தால் லேசாக ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பொன்னிறம் தெரிந்தால் பித்தளை.

பித்தளை இருக்கும் இடத்தில் ஆர்க், ஆர்கான், சிஓடூ எந்த வெல்டிங்கும் வேண்டாம். பிரேசிங் பித்தளை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் உருகும், இரும்பு உருக 1,500 டிகிரியை நெருங்க வேண்டும். அந்தச் சூட்டில் பித்தளையில் உள்ள துத்தநாகம் கொதித்து ஆவியாகிவிடும், அதன் கொதிநிலையே 907 டிகிரிதான். வெல்டிங் முழுக்க ஓட்டை ஓட்டையாக நுரைக்கும். மிஞ்சிய செம்பு சூடான இரும்பின் துகள் எல்லைகளுக்குள் ஊடுருவி அதைப் பிளக்கும். அதாவது, ஒரு விரிசலை மூடப் போய்ப் புதிதாகச் சிலவற்றைத் திறந்துவிடுவீர்கள். மேலே பார்த்தால் அழகான வெல்டிங் வரி இருக்கும். என் வண்டியில் இருந்தது இதுதான்.

லக்கும் வம்பு பிடித்தது. பல லக்குகள் மாலியபிள் (malleable) வார்ப்பிரும்பு, அதாவது எளிதில் நொறுங்காதபடி சூட்டில் பதப்படுத்தியது. அதை உருக்கிக் குளிரவிட்டால் வெல்டிங்கின் ஓரம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். இந்த வகையில் சரியான வழி, பழைய பித்தளையைச் சூடாக்கி எடுத்து, இணைப்பைக் கழற்றி, சுத்தம் செய்து மறுபடி பிரேசிங் செய்வதுதான். குழாயே விரிந்திருந்தால் அந்தக் குழாயையே மாற்றுவார்கள். சில லக்குகளில் குழாய் நகராமல் இருக்கக் குறுக்கே ஆணி அடித்திருக்கும், அதை எடுக்காமல் இழுத்தால் லக் உடையும்.

இரண்டாவது வகை, குழாயோடு குழாயை நேரடியாக வெல்டிங் செய்தது. இணைப்பில் லக் இருக்காது, மீன் செதில் அடுக்கியது போன்ற வரி இருக்கும். சாதாரண மைல்டு ஸ்டீல் என்றால் இதுதான் இருப்பதிலேயே சுலபம், ஆர்கான் வெல்டிங் நன்றாக ஏறும்.

மூன்றாவதில்தான் ஏமாறுவோம். பார்க்க வெல்டிங் போலவே இருக்கும், ஆனால் லக் இல்லாமல் வெண்கலக் கம்பியால் தடிப்பாக இணைத்திருப்பார்கள். பிரிட்டிஷ் நிறுவனமான ரிக்மனின் ஃப்ரேம்கள் இப்படி வெண்கலத்தால் இணைத்து, மேலே நிக்கல் பூச்சு கொடுத்தவை. அதில் குழாய் ரெனால்ட்ஸ் 531 எனப்படும் மாங்கனீஸ் மாலிப்டினம் உருக்கு. மெல்லியது, பலமானது, ஆனால் அதிக சூட்டைத் தாங்காது. ஒரே பெயர் கொண்ட ஃப்ரேமிலும் வித்தியாசம் இருக்கும். நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃப்ரேம் பந்தய வண்டியான மாங்க்ஸில் 531 குழாய், சாலை வண்டிகளில் மைல்டு ஸ்டீல். ஆகவே மாடல் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அரத்தால் இழுத்துப் பாருங்கள்.

தகடு அழுத்திச் செய்த ஃப்ரேம்களில் பெரும்பாலும் வெளி விரிசலைவிட உள் துருதான் பிரச்சினை. மடிப்புகளில் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே அரித்திருக்கும்.

ஃப்ரேமுக்குள்ளேயே எஞ்சின் ஆயில் நிற்கும் வண்டிகளும் உண்டு. 1971 மாடலிலிருந்து வந்த டிரையம்ஃப், பிஎஸ்ஏ 650 இரட்டை சிலிண்டர் வண்டிகள், யமஹாவின் எக்ஸ்டி500, எஸ்ஆர்500 எல்லாம் அப்படி. ஆயில் நிற்கும் குழாயை எத்தனை முறை கழுவினாலும் சூடு பட்டதும் மிச்ச எண்ணெய் கசிந்து வெல்டிங்கைக் கெடுக்கும், புகையும் தீயும் வரும். இதை வெல்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

4. ஏன் விரிந்தது?

காரணத்தை விட்டுவிட்டு விரிசலை மட்டும் மூடினால் அது திரும்பி வரும். முதலில் எஞ்சின் போல்ட்டுகளைப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் எஞ்சினும் சேர்ந்துதான் ஃப்ரேமை விறைப்பாக வைத்திருக்கிறது. போல்ட் தளர்ந்தாலோ, தடிமன் குறைந்த போல்ட்டை யாராவது போட்டிருந்தாலோ அதிர்வு முழுக்க ஒரு காதில் போய் இறங்கும். சிலிண்டர் ஹெட்டை ஃப்ரேமோடு பிடிக்கும் சின்னப் பட்டை பல வண்டிகளில் காணாமல் போயிருக்கும். எஞ்சினை இறக்கி ஏற்றியவர் அதைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார். ஒற்றை சிலிண்டர் வண்டியில் இது இல்லாமல் ஓட்டினால் முன்குழாய் சீக்கிரம் விரியும்.

அடுத்து, பழைய மோதல். முன்குழாயின் மேற்பகுதியில், தலைக்குழாய்க்குச் சற்றுக் கீழே, பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா, குழாய் லேசாக உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் உப்பல் விரலுக்குத் தப்பாது. ஹாரன் மாட்டவோ கம்பி செருகவோ யாரோ போட்ட துளை, முந்தைய வெல்டிங்கின் ஓரத்தில் விழுந்த பள்ளம், இவையும் விரிசல் தொடங்கும் இடங்கள்.

உள் துருவைப் பார்க்க, சின்னச் சுத்தியலால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒலி மங்கும் இடத்தில் நின்று பாருங்கள். போனோடு இணைக்கும் எண்டோஸ்கோப் கேமராவைத் துளை வழியாக விட்டும் பார்க்கலாம். பழைய குழாய்களின் தடிமன் பெரும்பாலும் கேஜ் கணக்கில் இருக்கும்: 12 கேஜ் என்றால் 2.64 மி.மீ., 14 என்றால் 2.03, 16 என்றால் 1.63. அல்ட்ராசோனிக் தடிமன் கருவி கிடைத்தால் நல்ல இடத்திலும் விரிசலுக்குப் பக்கத்திலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அதிகம் என்றால் அந்த இடத்தில் வெல்டிங் நிற்காது.

5. சூடு படுவதற்கு முன் அளவெடுங்கள்

வெல்டிங் குளிரும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும். முன்பே வளைந்திருந்ததா, வெல்டிங் வளைத்ததா என்று பின்னால் சண்டை வராமல் இருக்க, முன் அளவு கையில் இருக்க வேண்டும்.

ஃப்ரேமை எல்லாம் கழற்றி நிறுத்துங்கள். ஸ்விங் ஆர்ம் துளையில் இறுக்கமாகப் பொருந்தும் நேரான தண்டைச் செருகி, அதன் மேல் ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள். தலைக்குழாயிலும், லேத்தில் கடைந்த இரண்டு கூம்புகளோடு, ஒரு நீண்ட தண்டைச் செருகுங்கள். முன்னால் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் எதிரே நின்று பாருங்கள். தண்டும் நூலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஃப்ரேம் முறுகியிருக்கிறது. பின் சஸ்பென்ஷன் இல்லாத பழைய ஃப்ரேம் என்றால் பின் அச்சுத் துளையில் தண்டைச் செருகுங்கள்.

அதோடு குறுக்களவுகள்: தலைக்குழாயின் அடியிலிருந்து ஸ்விங் ஆர்ம் துளையின் இடது முனைக்கும் வலது முனைக்கும், எஞ்சின் காதிலிருந்து காதுக்கு. எல்லாவற்றையும் ஒரு தாளில் படம் வரைந்து எழுதிவையுங்கள். வளைவு தெரிந்தால் முதலில் ஜிக் (ஃப்ரேமை அசையாமல் பிடித்து நிமிர்த்தும் சட்டம்) வைத்திருக்கும் இடத்தில் நிமிர்த்திவிட்டுத்தான் வெல்டிங். மாற்றிச் செய்தால் நிமிர்த்தும்போது புது வெல்டிங்கின் ஓரம் விரியும்.

6. சரிசெய்யலாமா, மாற்றலாமா

ஒரே விரிசல், தடிமன் குறையாத குழாய், நேரான ஃப்ரேம் என்றால் தயங்காமல் சரிசெய்யலாம். காது, பிடி, குறுக்குக் குழாய் போன்றவையும் பயமில்லாத வேலைகள். தலைக்குழாயின் வார்ப்பு லக்கே விரிந்திருந்தால், துரு குழாயைத் துளைத்திருந்தால், மூன்று நான்கு இடங்களில் சிவப்புக் கோடு வந்திருந்தால், வேறு ஃப்ரேம் தேடுவது நல்லது என்பது என் கருத்து. பழைய வண்டிக்காரர்கள் அசல் ஃப்ரேமை விட மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போவோம். தலைக்குழாய் விஷயத்தில் அந்தப் பாசம் வேண்டாம்.

7. காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

சேஸிஸ் நம்பர் எங்கே அடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் தலைக்குழாயில், முன்குழாயில் அல்லது சீட்டுக்கு அடியில் உள்ள லக்கில் இருக்கும். அதன் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுங்கள், கிட்டப் படமும் எடுங்கள். கிரைண்டர், பிளாஸ்டிங், வெல்டிங் மூன்றும் அந்த இடத்தைத் தொடக் கூடாது. நம்பரை அழிப்பதும் மாற்றி அடிப்பதும் பெரும்பாலான நாடுகளில் குற்றம். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

விரிசல் நம்பர் மேலேயே ஓடினால், வேலைக்கு முன் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். வேறு ஃப்ரேமுக்கு மாறுவதென்றாலும் அதே. அந்த ஃப்ரேமின் பழைய பதிவுக் காகிதமும் விற்றவரின் ரசீதும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். நம்பர் அடிக்காத வெற்று ஃப்ரேமாக இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: முன் படங்கள், பெனட்ரன்ட் படங்கள், அளவுத் தாள், பதிவுச் சான்றின் நகல், நம்பர் பிரதி. பிறகு வெல்டரின் பில் அதில் சேரும். 'வெல்டிங் வேலை' என்று ஒற்றை வரியில் எழுதிய பில்லால் பிரயோஜனமில்லை. எந்த இடம், எந்த முறை, உருக்கிச் சேர்த்த ஃபில்லர் கம்பி என்ன, எந்தத் தேதி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள், மறைத்தால் விபத்துக் கோரிக்கையின்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

8. சரியான ஆளைப் பிடியுங்கள்

கேட் செய்கிறவரும் வெல்டர்தான், பிரஷர் பைப் போடுகிறவரும் வெல்டர்தான். உங்களுக்கு வேண்டியவர் மெல்லிய குழாயில் கை பழகியவர். உருக்கு வெல்டர்களின் திறனைச் சோதித்துத் தரும் ஐஎஸ்ஓ 9606 சான்று இருந்தால் நல்லது. ஆனால் அது மட்டும் போதாது, மோட்டார் சைக்கிள் ஃப்ரேம் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

பேச்சிலேயே ஆள் தெரிந்துவிடும். ஃப்ரேமைப் பார்த்ததும் "இது பிரேசிங்கா வெல்டிங்கா?" என்று அவரே கேட்டால் நல்ல சகுனம். "எதுவா இருந்தாலும் அடிச்சு விட்டுரலாம்" என்றால் நன்றி சொல்லிக் கிளம்புங்கள். விரிசலின் முனையில் என்ன செய்வீர்கள், என்ன கம்பி போடுவீர்கள், எப்படிக் குளிரவிடுவீர்கள் என்று கேளுங்கள். கேள்விக்கு எரிச்சல்படுகிறவரிடம் உயிரைத் தாங்கும் வேலையைக் கொடுக்க வேண்டியதில்லை. பிரேசிங் ஃப்ரேம் என்றால் தேடல் நீளும், அந்தக் கை உள்ளவர்கள் குறைந்துவிட்டார்கள். சைக்கிள் ஃப்ரேம் கையால் கட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு 531 குழாய் பழக்கம்.

9. கழற்றுவது, சுத்தம் செய்வது

எஞ்சின், டேங்க், வயரிங், கோன் செட் (தலைக்குழாயில் உள்ள பேரிங்), ரப்பர் புஷ் எல்லாவற்றையும் கழற்றி வெறும் ஃப்ரேமாகக் கொடுங்கள். எஞ்சினோடு செய்யலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெல்டிங் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தால் உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் காயம் விழும், எலெக்ட்ரானிக் சாமான் இருந்தால் அதுவும் போகும்.

எச்சரிக்கை: வெல்டிங் செய்யப்போகும் இடத்தைக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள். வெல்டிங் சூடும் புற ஊதா ஒளியும் பட்டால் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். கொஞ்சம் மூச்சில் போனாலும் நுரையீரல் கெடும், உயிரும் போகும். டப்பாவில் 'குளோரோ' என்று வரும் எந்தப் பெயர் இருந்தாலும் தள்ளி வையுங்கள். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க உலர்ந்த பிறகுதான் நெருப்பு.

குரோம், துத்தநாகம், காட்மியம் பூச்சு இருந்தால் விரிசலைச் சுற்றி நன்றாக அகலமாக எடுத்துவிடச் சொல்லுங்கள். காட்மியம் புகை உயிருக்கே ஆபத்து. பெயிண்டையும் விரிசலிலிருந்து ஒரு சாண் தூரம் வரை எடுத்திருக்க வேண்டும்.

10. வெல்டிங் நாள்

முடிந்தால் கூடவே இருங்கள். மைல்டு ஸ்டீல் குழாயில் வேலை இப்படிப் போக வேண்டும். விரிசலின் இரு முனைக்கும் சற்று அப்பால் ஏறத்தாழ 3 மி.மீ. துளை போடுவார்கள். கூரான முனை வட்டமாகிவிட்டால் விரிசல் அங்கிருந்து மேற்கொண்டு ஓடாது. பிறகு விரிசல் நெடுக வி வடிவில் பள்ளம் எடுத்து, அடி வரைக்கும் உருகி ஏறும்படி செய்ய வேண்டும். மேலே மட்டும் பூசிய வெல்டிங் அடியில் விரிசலை அப்படியே விட்டுவைக்கும். மைல்டு ஸ்டீலுக்கு ஈஆர்70எஸ்-2 கம்பி பொதுவாகப் பொருந்தும்.

குழாய் பாதிக்கு மேல் விரிந்திருந்தால் வெளியிலிருந்து அடைப்பது போதாது. அந்த இடத்தை வெட்டி, உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் இன்னொரு குழாய்த் துண்டைச் செருகி, சாய்வாக வெட்டிய முனைகளைச் சேர்த்து, இரு பக்கமும் துளை வழியாகவும் வெல்டிங் செய்வார்கள். நேராக வளையம் போல் வெட்டிச் சேர்த்தால் மொத்தப் பாரமும் ஒரே வளையத்தில் விழும். சாய்வு வெட்டு அதைப் பரப்பும்.

வெளியே தகடு வைத்து பலப்படுத்தலாம் என்று சொல்வார்கள். அளவோடு என்றால் சரி. தடித்த சதுரத் தகட்டை வைத்தால் அந்த இடம் மட்டும் விறைத்துவிடும், வளைவு முழுக்கத் தகடு முடியும் விளிம்பில் கூடி அங்கே புது விரிசல் வரும். தகடு குழாயின் தடிமனையே ஒத்திருக்கட்டும், முனை மீன்வால் போல் பிளந்திருக்கட்டும், குழாயைக் குறுக்கே சுற்றி வெல்டிங் வரக் கூடாது.

இரு பக்கமும் மூடிய குழாயில் காற்று வெளியேற ஒரு சிறு துளை வேண்டும். இல்லாவிட்டால் சூடான காற்று கடைசி நேரத்தில் உருகிய இரும்பைத் துப்பிக்கொண்டு வெளியே வரும். எர்த் கிளாம்ப் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் முதலில் புள்ளி வெல்டிங்கால் பிடித்து, அளவு பார்த்து, பிறகு பக்கம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகப் போட வேண்டும்.

முடிந்ததும் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், ஈரத்துணியும் வேண்டாம். காற்று வீசாத இடத்தில் தானாக ஆறட்டும். வெல்டிங் வரியைக் கிரைண்டரில் மட்டமாகத் தேய்க்கவும் வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் பலத்தையும் சேர்த்தே சீவிவிடுவீர்கள்.

11. மறுசோதனை, பெயிண்ட்

அன்றைக்கே பெயிண்ட் அடிக்காதீர்கள். சில விரிசல்கள் ஆறிய பிறகு, மணிக்கணக்கு கழித்துத்தான் வரும், முக்கியமாகப் பலமான உருக்கில். இரண்டு நாள் விட்டுப் பெனட்ரன்ட் சோதனையை மறுபடி செய்யுங்கள். அளவுத் தாளை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்து, பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பிரேசிங் செய்த இடத்தில், பித்தளை நன்றாக ஓடுவதற்காகப் போடும் ஃபிளக்ஸின் மிச்சம் கண்ணாடித் துணுக்கு போல ஒட்டியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்து முழுக்க எடுங்கள், விட்டால் பெயிண்டுக்கு அடியில் அரிக்கும்.

பெயிண்டா பவுடர் கோட்டிங்கா என்றால், சரிசெய்த ஃப்ரேமுக்கு நான் பெயிண்ட்தான் சொல்வேன். பவுடர் கோட்டிங் தடித்தது, இழுபடும். அடியில் இரும்பு விரிந்தாலும் மேலே காட்டாமல் மூடி வைத்திருக்கும். மெல்லிய பெயிண்ட் உடனே கோடு விட்டுக் காட்டிக்கொடுக்கும்.

12. செலவும் காலமும்

செலவு எங்கே போகும் என்று முன்பே தெரிந்தால் மனக்கசப்பு குறையும். சாதாரண விரிசலுக்கு வெல்டிங் கூலி மொத்தத்தில் சின்னப் பங்கு. கழற்றிப் பூட்டும் கூலியும் பெயிண்டும்தான் பெரிய பங்கு. கழற்றுவதையும் பெயிண்ட் எடுப்பதையும் நீங்களே செய்தால் கணிசமாக மிச்சமாகும். ஜிக்கில் வைத்து நிமிர்த்துவது, குழாய் மாற்றுவது, பழைய பித்தளையை எடுத்து மறுபடி பிரேசிங், இவை வந்தால் கணக்கு தலைகீழாகும். கழற்றிய பிறகு கோன் செட், புஷ், போல்ட் என்று தேய்ந்தவை வெளியே வரும், அவற்றுக்கும் ஒதுக்கி வையுங்கள். வேலைக்கு முன் மொத்தப் பணமும் கொடுக்காதீர்கள். ஒரு பகுதி மறுசோதனைக்குப் பிறகு என்று பேசிக்கொள்ளுங்கள்.

வெல்டிங் ஒரு நாள் வேலைதான். ஆனால் நல்ல ஆள் கிடைப்பது, பதிவு அலுவலகத்தின் பதில், பெயிண்ட் காய்வது, உதிரி வருவது எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் இழுக்கலாம். அலுவலகக் கடிதத்தை முதல் நாளே அனுப்பிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

13. பூட்டுவதும் முதல் ஓட்டமும்

எஞ்சினை ஏற்றும்போது எல்லா போல்ட்டும் விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். கடப்பாரையால் நெம்பிக் காதைத் துளைக்கு நேராகக் கொண்டுவந்தால், வண்டி கிளம்பும் முன்பே அந்தக் காதில் பாரம் ஏறிவிடும். இடைவெளி இருந்தால் சரியான தடிமனில் வாஷர் வைத்து நிரப்புங்கள். எல்லா போல்ட்டையும் பொருத்திய பிறகே, மேனுவலில் சொன்ன டார்க்கில் (torque, இறுக்கும் விசை) இறுக்குங்கள். ஹெட்டைப் பிடிக்கும் அந்தச் சின்னப் பட்டையை மறக்காதீர்கள்.

முதல் ஓட்டம் மெதுவாக, பக்கத்திலேயே, பின்னால் ஆள் ஏற்றாமல். நேர்ச் சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் ஆடுகிறதா என்று கவனியுங்கள். திரும்பி வந்ததும் எஞ்சின் போல்ட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள், புதுப் பெயிண்டின் மேல் போல்ட் கொஞ்சம் உட்காரும். 100 கி.மீ. கழித்து ஒரு முறை, 500 கி.மீ. கழித்து ஒரு முறை, வெல்டிங் வரியின் இரு ஓரங்களையும் டார்ச் லைட்டைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, தேதியையும் மீட்டர் கணக்கையும் அளவுத் தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.